ஒரு வாளித் தண்ணீர்

விடிவதற்கு முன்பே பிடித்துக்கொண்ட மழை, காலைக் காப்பி ஆறிப்போன பிறகும் விடவில்லை.

மோட்டார் சாருக்கு அதில் உள்ளூர ஒரு சந்தோஷம். பேஸ்மென்ட் பம்பை எப்படிப் பராமரிப்பது என்று பேசக் கிளம்புகிறவருக்கு மழையைவிட நல்ல துணை கிடைக்குமா? நீல வாளி, மூடி இல்லாத கண்ணாடித் தொட்டி, கைக்கடக்கமான மாதிரிப் பம்பு எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் பாதிக் கட்டடங்களின் பம்புக்கு அவர்தான் வைத்தியர். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

அவர்கள் வீட்டில் மேல் மாடி தம்பிக்கும் தம்பி மனைவிக்கும். நடுவில் இவரும் இவர் மனைவியும். தரைக்குக் கீழே பேஸ்மென்ட். அங்கேதான் தம்பி மனைவி தையல் மெஷின் போட்டிருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'சின்னவள்'.

பள்ளிக்கூட அரங்கத்துக்கு மேடைத் திரை தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்ததும், அதற்குத் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் போன வாரக் கதை. "தரைக்குக் கீழ வேலையா? ஈரம் ஏறுச்சுன்னா ஊரான் துணிக்கு யார் பதில் சொல்றது?" என்று அவன் கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவில் வந்து நின்றவர் மோட்டார் சார்தான்.

"பேஸ்மென்ட்டுக்கு நான் பொறுப்புடா. என் வீட்டுல ஒரு சொட்டு தண்ணி நிக்குமா? உன் அண்ணன் யாருன்னு நெனைச்சே?"

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சின்னவள் இரத்தச் சிவப்பு வெல்வெட்டைத் தரை முழுக்க விரித்தாள். அவ்வளவு பெரிய திரையை மேசையில் போட்டுத் தைக்க முடியாது. தரையில் விரித்து, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து, ஓரத்தில் வெள்ளைக் கரை வைத்து முடித்திருந்தாள். இன்று கடைசித் தையல். நாளை மாட்ட வேண்டும்.

"மாமா, ஒரு நிமிஷம்." படியேறி வந்த சின்னவளின் தோளில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. "அந்த பம்பு சத்தம் ஒரு மாதிரியா இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"தொண்டை கட்டினவங்க பேசுற மாதிரி. போன வாரமே சொன்னேனே."

அவர் சிரித்தார். "மழைக்காலத்துல எல்லாருக்கும் தொண்டை கட்டும். மோட்டார் சத்தம் எனக்கு நீ சொல்லணுமாம்மா?"

"இல்ல மாமா, நான் கத்துக்குட்டிதான். ஆனா நாள் பூரா பக்கத்துலயே உக்காந்திருக்கேனா, அதான்."

சரி, பிள்ளை மனசு நோக வேண்டாம் என்று கையில் இருந்த குடையோடு கீழே இறங்கினார். கடைசிப் படியிலேயே நின்றுகொண்டார். அதற்கு மேல் போனால் வெல்வெட்டை மிதிக்க வேண்டியிருக்கும். படியை ஒட்டிய மூலையில் குழி. குழிக்குள் பம்பு. பம்போடு கயிற்றில் கட்டியது போல ஒரு மிதவை. குடை நுனியால் மிதவையைத் தூக்கினார். மோட்டார் உறுமியது.

"ஓடுதா?"

"ஓடுது மாமா."

"அவ்வளவுதான்." குடையை எடுத்தார். குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

வாசலுக்கு வந்தபோது அவர் மனைவி குறுக்கே வந்தாள். "ஏங்க, அந்த பம்புல இருந்து எடுத்தீங்களே..."

"வந்து பேசிக்கலாம். நாற்காலி எல்லாம் போட்டு உக்காந்திருப்பாங்க."

*

உண்மையிலேயே நாற்காலி எல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம், அதுவும் தரைக்குக் கீழேதான். மழைக்குப் பயந்து கார்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தார்கள்.

மோட்டார் சார் பேச ஆரம்பித்தால் கேட்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் மாதிரிப் பம்பை வைத்தார். பக்கத்தில் நீல வாளி நிறையத் தண்ணீர்.

"மழைத்தண்ணி மண்ணுக்குள்ள போகுது. போன தண்ணி சும்மா இருக்குமா? எங்கடா பள்ளம்னு தேடும். உங்க பேஸ்மென்ட்தான் பள்ளம். அதனாலதான் சுவத்தோரமா குழாய் போட்டு, எல்லாத் தண்ணியையும் ஒரு குழிக்குக் கொண்டு வர்றோம். குழி நிறைய நிறைய மிதவை மேல வரும். ஒரு உயரத்துக்கு வந்ததும் சுவிட்ச் போடும். பம்பு தண்ணியை மேல தள்ளும். தள்ளின தண்ணி திரும்பிக் கீழ வராம இருக்க நடுவுல ஒரு கதவு. ஒரு பக்கம்தான் தெறக்கும்."

வாளியைச் சாய்த்தார். தொட்டியில் தண்ணீர் ஏற, சின்ன மிதவை ஆடிக்கொண்டே எழுந்தது. பம்பு ஓடியது. தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகப் பீச்சியடித்து வாளிக்கே திரும்பியது. பெரியவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

"இப்ப ஒரு கேள்வி. உங்கள்ல எத்தனை பேர் பம்பை டெஸ்ட் பண்றீங்க?"

ஒரு வழுக்கைத் தலைக்காரர் கை தூக்கினார். "மாசா மாசம் மிதவையைத் தூக்கிப் பாப்பேன் சார். மோட்டார் ஓடும்."

"ஓடும். ஓடறது வேற, தண்ணியை எடுக்கறது வேற." மோட்டார் சார் ஒரு விரலைத் தூக்கினார். "பையன் புஸ்தகத்தை விரிச்சு வெச்சிருக்கான்னா படிக்கிறான்னு அர்த்தமா? சத்தத்தை நம்பாதீங்க. ஒரு வாளித் தண்ணி ஊத்துங்க. தண்ணி எறங்குதான்னு கண்ணால பாருங்க. வெளியில போய்க் குழாய் வாயில தண்ணி கொட்டுதான்னும் பாருங்க. அதுதான் டெஸ்ட். மிதவையை மட்டும் தூக்கிப் பாத்துட்டுப் போறது நம்மள நாமளே ஏமாத்திக்கறது."

கூட்டம் சிரித்தது. வழுக்கைத் தலைக்காரர் அசடு வழிந்தார். மோட்டார் சாரின் உள்ளே எங்கோ ஒரு குடை நுனி இலேசாகக் குத்தியது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி. துண்டித்தார்.

"அடுத்தது சல்லடை. வாங்க, நேராவே காட்டறேன்." குடியிருப்பின் குழி மூடியைத் திறந்து, சங்கிலியைப் பிடித்துப் பம்பை மேலே தூக்கினார். அடியில் வட்டமான இரும்புச் சல்லடை. அதில் இலை, பிளாஸ்டிக் கிழிசல், யாரோ ஒருவருடைய தலைமுடி எல்லாம் அப்பிக்கொண்டிருந்தன. "பாத்தீங்களா? இது இல்லேன்னா இவ்வளவும் உள்ள போய் விசிறியில சுத்திக்கும். நூல், முடி, இது ரெண்டும்தான் பம்புக்கு எமன். மோட்டார் சுத்தும், சத்தம் வரும், ஆனா தண்ணி நகராது. ரொம்ப சின்ன சாமான். ஆனா இதுதான் காவல்காரன்."

சல்லடையைக் கழற்றி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். அதன் விளிம்பில் ஒரு சின்ன நெளிசல் இருந்தது. அவர் கட்டைவிரல் தானாக நகர்ந்து அந்த நெளிசலை மூடிக்கொண்டது.

போன் மறுபடி அடித்தது. துண்டித்தார். மூன்றாம் முறை அடித்தபோது போனையே அணைத்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் ஓர் அம்மாள் வந்து கும்பிட்டார். அதே குடியிருப்பில் இருக்கிறவர்; சின்னவள் திரை தைத்துக் கொடுக்கிற பள்ளிக்கூடத்தின் நிர்வாகி.

"ரொம்ப அழகா சொன்னீங்க சார். எங்க அரங்கமும் தரைக்குக் கீழதான். நாளைக்குப் பெத்தவங்க கூட்டம் இருக்கு. அங்க வந்து இதையே பேசணும். உங்க வீட்டுப் பொண்ணு தைக்கிற திரையும் நாளைக்குத்தானே மாட்டறோம். ரெண்டும் ஒரே வீட்டு வேலையா அமைஞ்சுடும்."

"அதுக்கென்ன, தாராளமா வரேன்" என்றார் மோட்டார் சார், முகமெல்லாம் பல்லாக.

வண்டியில் ஏறிய பிறகுதான் போனைப் போட்டார்.

*

வீட்டு வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. உள்ளே யாரும் இல்லை. பேஸ்மென்ட் படியில் தம்பி முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றான். கையில் குழம்புப் பாத்திரம். தண்ணீரை மொண்டு ஊற்றக் கிடைத்ததை எடுத்திருக்கிறான்.

"வாண்ணே" என்றான்.

கீழே தண்ணீர் கணுக்காலைத் தாண்டி நின்றது. சாதாரணத் தண்ணீர் இல்லை. இளஞ்சிவப்பு. வெல்வெட்டின் சாயம். மூழ்கிய திரை, உறங்கும் பெரிய மிருகம் போலத் தரையில் கிடந்தது. சின்னவளும் அவர் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்த வெல்வெட் அசைந்து கொடுத்தால்தானே?

மூலையில் மோட்டார் உறுமிக்கொண்டேயிருந்தது. சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர்தான் அப்படியே நின்றது.

மோட்டார் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு கணம்தான். அப்புறம் தொழில் முந்திக்கொண்டது. மேலே ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்தார். இறங்கி வந்து, தண்ணீருக்குள் கையை விட்டுப் பம்பைத் தூக்கினார். தொட்டால் சுட்டது. படியில் வைத்துத் திருப்பினார்.

விசிறி தெரியவேயில்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சிவப்பு நூல் உருண்டை. சுற்றிச் சுற்றி, இறுகி, கல்லாகக் கிடந்தது.

கத்தியால் அறுத்து, பிய்த்து எடுத்தார். பம்பை மறுபடி இறக்கி மின்சாரம் போட்டதும் சத்தமே மாறியது. தொண்டை திறந்த சத்தம். தண்ணீர் சரசரவென்று இறங்கியது. இதே வேலையைக் காலையில் செய்திருந்தால் ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

படியில் கிடந்த நூல் உருண்டையைத் தம்பி கையில் எடுத்தான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கோபம் வந்தால், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கிற நினைப்பில், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பான். இப்போது ஈரப் படியை மிதித்துக்கொண்டிருந்தான்.

"இது உன் நூல்தானே?" என்று மனைவியைக் கேட்டான்.

சின்னவள் பார்த்தாள். அதே சிவப்பு. மறுக்க என்ன இருக்கிறது?

"பெருக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பெருக்கின லட்சணம்தான் தெரியுதே. வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அண்ணன் அவ்வளவு நம்பி இடம் குடுத்தாரு. ஊருக்கே பம்பு பாக்கறவரு வீட்டுல இப்படித் தண்ணி நிக்க வெச்சுட்டியே. வெளிய தெரிஞ்சா அவர் பேர் என்ன ஆகும்?"

மோட்டார் சார் வாயைத் திறந்தார். "விடுடா..." என்று வந்தது. அதற்குப் பிறகு வர வேண்டிய வாக்கியம் வரவில்லை.

சின்னவள் முந்தானையைப் பிழிந்தாள். ஈரக் கையை நெற்றியில் துடைத்துக்கொண்டு, நேராக அவரிடம் வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க மாமா. என்னாலதான். உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

வேறு யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவர் தலையை ஆட்டினார். அது மன்னித்தேன் என்கிற ஆட்டமா, இல்லை என்கிற ஆட்டமா என்று அவருக்கே தெரியாது. தெரியாமல் இருந்தது வசதியாகவும் இருந்தது.

தலை நிமிர்ந்தபோது, திரையின் மறுமுனையைப் பிடித்தபடி அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

"அது எங்கே?" என்றாள் அவர் மனைவி, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு.

"எது?"

"நான் பழைய பிரஷ்ஷு வெச்சுத் தேச்சுக் குடுத்தது. காய வெக்கும்போது கைதவறிக் கீழ போட்டேன், ஓரம் நெளிஞ்சுதுன்னு திட்டினீங்களே. அந்த சல்லடை."

அவர் தண்ணீர்ப் பானையைப் பார்த்தார்.

பெரிய கதை ஒன்றுமில்லை. வீட்டுப் பம்பைச் சுத்தம் செய்யச் சல்லடையைக் கழற்றிய அன்றே குடியிருப்பிலிருந்து அவசர அழைப்பு வந்தது. அங்கே சல்லடை துருப்பிடித்து உடைந்திருந்தது. ஒரே மாடல் பம்பு. கடையில் சரக்கு இல்லை. வாடிக்கையாளரைக் காக்க வைக்கலாமா? ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். கடைக்குச் சரக்கு வந்ததும் வீட்டுக்கு ஒன்று வாங்கிவிடலாம். சரக்கு வந்தது. வந்ததெல்லாம் ஒவ்வொரு வாடிக்கையாளராகப் போனது. வீட்டுப் பம்புதானே, எங்கே ஓடிவிடப் போகிறது?

"அங்க மாட்டியிருக்கேன்" என்றார். "கார் நிறுத்தற இடத்துல."

"இன்னிக்குப் பேசப் போன இடத்துலயா?"

"ம்."

"நூல் எல்லார் தையல் ரூம்லயும்தான் விழும். சல்லடை இருந்திருந்தா உள்ள போயிருக்குமா?"

அவருக்குப் பதில் தெரியாத கேள்வி இல்லை. காலையில் ஒரு கூட்டத்துக்கே கைதட்டலோடு சொன்ன பதில்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "சொன்னா உங்களைக் காட்டிக்குடுத்த மாதிரி. சொல்லாம இருந்தா அந்தப் பொண்ணு தலையில நானும் சேர்ந்து பழியை ஏத்தின மாதிரி. எப்படிப் பாத்தாலும் எனக்குத்தான் அசிங்கம். நல்லா மாட்டி விட்டீங்க."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

*

மனுஷ புத்தி போகிற வழியைப் பாருங்கள். நேராகக் கீழே இறங்கி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் முடிகிற காரியம். மோட்டார் சார் வண்டியை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனார்.

அந்தச் சல்லடையைக் கழற்றிக்கொண்டு வந்து, யாரும் பார்க்காமல் வீட்டுப் பம்பில் மாட்டிவிட்டால்? இருந்த இடத்தில் இருந்துவிட்டுப் போகும். யாருக்கு என்ன தெரியப் போகிறது?

மழை தூறலாகியிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். "என்ன சார், மறுபடியும்? எதாவது மறந்துட்டீங்களா?"

"ஆமா" என்றார். அது பொய் இல்லை.

மூடியைத் திறந்து பம்பைத் தூக்கினார். காலையில்தான் சுத்தம் செய்து மாட்டினார். அதற்குள் சல்லடையில் மறுபடியும் இலையும் குப்பையும் அப்பியிருந்தன. கூடவே யாரோ குழந்தையின் தலை ரிப்பன். இரும்புத் துவாரங்களில் சிக்கி, உள்ளே போக முடியாமல் நின்றிருந்தது. நெளிந்த விளிம்போடு அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

திருகாணியில் வைத்த கை அப்படியே நின்றது. இதைக் கழற்றினால் இந்த ரிப்பன் விசிறிக்குப் போகும். இரவு மழை வலுத்தால் இத்தனை கார்களும் தண்ணீரில் நிற்கும். ஒரு வீட்டில் செய்தது போதாதென்று இங்கேயும் செய்யப் போகிறாரா?

"காலையில நீங்க பேசினதை மேல இருந்து கேட்டேன் சார்" என்றார் காவலாளி. "எங்க வீட்டுக்காரிகிட்ட போன்ல அப்படியே சொன்னேன். மோட்டார் சார் வீட்டுப் பம்பு எப்படி இருக்கும்னு கேக்கறா."

அவர் சல்லடையை வாளித் தண்ணீரில் அலசினார். ரிப்பனை எடுத்துக் காவலாளியிடம் கொடுத்தார். சல்லடையை இருந்த இடத்திலேயே இறுக்கி மாட்டினார்.

"நல்லா இல்லைன்னு சொல்லுங்க" என்றார்.

காவலாளி ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

*

வீட்டுக்குத் திரும்பியபோது திரையை மாடிப்படிக் கைப்பிடி நெடுக விரித்துப் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கரை முழுக்க இளஞ்சிவப்பு திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. வெல்வெட் ஒரு பக்கம் சுருங்கி, கரை கோணிப்போயிருந்தது. நுனியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் பாத்திரம் வைத்திருந்தார்கள்.

சின்னவள் கடைசிப் படியில் உட்கார்ந்து, மெஷின் பெட்டியை மூடி, துணி சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா கட்டறே?"

"மேல ரூம்ல வெச்சுடறேன் மாமா. இனிமே கீழ வேண்டாம். சட்டைப் பட்டன் தைக்க மேல இடம் போதும்."

தம்பி பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தான். மோட்டார் சாரின் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது, பார்த்ததைவிட மோசமாக இருந்தது.

மோட்டார் சார் நாற்காலியில் உட்காரவில்லை. எத்தனையோ கூட்டத்தில் நின்று பேசிய மனிதர், மூன்று பேருக்கு முன்னால் மடித்து விட்ட சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார்.

"நூல் மேல தப்பு இல்ல" என்றார்.

தம்பி பேப்பரை இறக்கினான்.

"பம்புக்கு அடியில ஒரு சல்லடை இருக்கணும். நூல் வந்தா அதுல மாட்டிக்கும், உள்ள போகாது. நம்ம பம்புல அது இல்ல. நான்தான் கழட்டி வேற இடத்துல மாட்டினேன். அப்புறம் வாங்கிப் போடலாம்னு விட்டுட்டேன். காலையில இவ சத்தம் சரியில்லைன்னு சொன்னா. நான் படியிலயே நின்னு மிதவையைத் தூக்கிட்டுப் போயிட்டேன். குழிக்குள்ள பாக்கக்கூட இல்ல." தம்பியைப் பார்த்தார். "நீ அவளைத் திட்டும்போது எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் நின்னுட்டு இருந்தேன்."

தம்பியின் கால் தரையை அழுத்தியது. வெகுநேரம் அழுத்தியபடியே இருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத முகம். கடைசியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மனைவியின் பக்கம் திரும்பினான். மெஷின் பெட்டியின் கட்டை அவிழ்க்கப் போனான்.

அவள் அவன் கையைத் தள்ளிவிட்டாள். கோபமாகக்கூட இல்லை, ஈ ஓட்டுவதுபோல.

"போன வாரமும் சொன்னேன் மாமா. இன்னிக்கும் சொன்னேன்."

"ஆமாம்மா, நீ சொன்னே."

"நான் ஏதோ தெரியாம உளர்றேன்னு நானே நெனைச்சுக்கிட்டேன். நீங்க சிரிச்சீங்களா, அதான்."

அவருக்கு நின்ற இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இப்ப வீட்டுக்குள்ள சரியாப் போச்சு" என்று அவள் தொடர்ந்தாள். குரல் உயரவே இல்லை. "நீங்க வெளிய போயிருந்தப்பவே பள்ளிக்கூடத்து அம்மாவுக்கு போன் பண்ணிட்டேன். என் கவனக்குறைவு, நூலைச் சரியாப் பெருக்கலை, திரை கெட்டுப்போச்சுன்னு. அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'மோட்டார் சார் வீட்டுலயே இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமா? காலையிலகூட எவ்வளவு அழகா சொல்லிக் குடுத்தாரு. நீ அவர்கிட்ட ஒண்ணும் கத்துக்கறதில்லையா?'ன்னு கேட்டாங்க. இனிமே வேலையெல்லாம் வெளியில குடுத்துக்கறாங்களாம்."

சொட்டு பாத்திரத்தில் விழுந்தது.

மோட்டார் சார் மெதுவாக வாசலுக்குப் போனார். நீல வாளியை எடுத்துக்கொண்டு வந்தார். துளையிடும் மெஷினைப் பையிலிருந்து எடுத்து, வாளியின் சுற்றிலும் அடியிலும் பொத்தல் போட ஆரம்பித்தார்.

"ஐயோ, அது நீங்க பேசறதுக்குக் கொண்டு போற வாளியாச்சே" என்றாள் மனைவி. காலையிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் சாதாரணப் பேச்சு அதுதான்.

"பம்பை இதுக்குள்ள வெச்சு, மேல ஒரு கொசுவலைத் துணியைச் சுத்திட்டா நூல் உள்ள போகாது. புது சல்லடை வர்ற வரைக்கும் தாங்கும்." ஒரு பொத்தல் போட்டார். இன்னொன்று போட்டார். "இதுக்கு இவ்வளவுதான் வேலை. இவ்வளவேதான்."

கீழே இறங்கிப் பம்பை வாளிக்குள் வைத்து, கொசுவலையைச் சுற்றிக் குழியில் இறக்கினார். பிறகு சமையலறைக் குடத்தை எடுத்து வந்து தண்ணீரை ஊற்றினார். இந்த முறை குழியோரம் மண்டியிட்டு, தலையைக் குனிந்து பார்த்தார். மிதவை எழுந்தது. மோட்டார் ஓடியது. தண்ணீர் இறங்கியது. தம்பி சொல்லாமலே வெளியே போய்க் குழாய் வாயைப் பார்த்துவிட்டு வந்து, "கொட்டுது" என்றான்.

அந்த ஒரு வார்த்தையோடு விஷயம் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகவில்லை.

மண்டியிட்ட இடத்திலிருந்தே அவர் சொன்னார்: "நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துலதான் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. இதே பேச்சு. பெத்தவங்க எல்லாரும் வருவாங்க. அந்தம்மாவும்தான்."

படியில் நின்ற சின்னவள் அளவு நாடாவைத் தோளிலிருந்து எடுத்து, விரலில் சுற்றிச் சுற்றிச் சுருட்டினாள்.

"உங்க வாளிதான் ஓட்டையாயிடுச்சே மாமா. எதை வெச்சுக் காட்டுவீங்க?"

அவர் குழிக்குள் இருந்த நீல வாளியைப் பார்த்தார்.

"மேல என்கிட்ட ஒரு சிவப்பு வாளி இருக்கு. நான் கொண்டு வரேன்" என்றாள். "கரை வேற கறையாயிடுச்சுல்ல, அந்தத் திரையையும் எடுத்துக்கிட்டு வரேன். முன் வரிசையில உக்காந்துக்கறேன். சல்லடையைப் பத்தி நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு கேக்கணும்."

மெஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். கட்டிய துணியை அவள் அவிழ்க்கவே இல்லை.